பொய்க்கு அழும் மரங்கள்

அந்தத் தோட்டத்துக்குள் முதன்முறை கால் வைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இங்கே யாருக்குச் சுளுக்கு?

கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வரிசை வரிசையாகப் பாதாம் மரங்கள். நடுவில் அனல் காற்று. அந்தக் காற்று முழுக்கத் தலைவலித் தைலத்தின் மணம். மங்கையர்க்கரசிக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். வந்தவர்களுக்கு ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்வாள். பிறகு, வலிக்கு நாம் பூசிக்கொள்கிற தைலத்தில் இருப்பதும் வலியில் மரம் வெளியே விடுவதும் ஒரே சரக்குதான் என்று விளக்குவாள். கேட்டவர்கள் மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வாள்.

ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆற்றை ஒட்டிய அந்தப் பெரும்பண்ணையில் அவள் பூச்சியியல் ஆய்வாளர். ஊர் விருதுநகர்ப் பக்கம். பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த சித்தப்பா, முதுகில் மருந்துத் தொட்டி கட்டியபடியே வரப்பில் விழுந்து இறந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மருந்தே அடிக்காமல் ஒரு பயிரைக் காப்பாற்றிக் காட்டவேண்டும் என்ற பிடிவாதம் அன்று பிடித்தது. பூச்சியியல் படித்தது, கடல் கடந்தது, இந்த வெயிலில் வந்து நிற்பது எல்லாமே அதனால்தான்.

பாதாமுக்கு எமன் சிலந்திப் பேன். ஊசிமுனையைவிடக் கொஞ்சம் பெரிது. இலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மெல்லிய நூலாம்படை கட்டும். வெயில் ஏற ஏற முட்டைமேல் முட்டை இட்டுப் பெருகும். பச்சை இலை செம்புத் தகடு போலாகி உதிரும். உச்சிக் கோடையில் இலை உதிர்ந்த மரத்துக்குப் பட்டை வெந்துபோகும். அடுத்த வசந்தத்தில் பூ இராது. கோடை வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போன காலம் அது. மருந்தின் வீரியத்தைக் கூட்டினார்கள். பேன் அதையும் குடித்துப் பழகிக்கொண்டது. மருந்தடித்த ஆட்களுக்குத்தான் தோல் உரிந்தது.

பேனுக்கும் ஓர் எமன் உண்டு. கடுகு போல ஒரு கறுப்பு வண்டு. மங்கை அதைக் கடுகு வண்டு என்றே கூப்பிட்டாள். அதற்குப் பேனைத் தவிர வேறு உணவு இறங்காது.

பண்ணையின் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் குகதாசனின் காணி இருந்தது. பன்னிரண்டு ஏக்கர் பாதாம். வன்னியிலிருந்து போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர். பத்துப் பதினைந்து வருடம் மற்றவர்களின் தோட்டங்களில் கிளை வெட்டி, பருப்பு உலுக்கி, கடைசியில் தனக்கென்று வாங்கிய மண். மனைவி சிவகௌரி ஊர்ப் பள்ளியில் சமையல் வேலை பார்த்தாள். கௌரியின் தம்பி நேசன் அவர்களோடுதான் இருந்தான். முப்பது தாண்டியவன், கல்யாணம் ஆகவில்லை. ஆற்றோரக் குவாரியிலிருந்து சரளைக்கல் ஏற்றும் லாரி ஒன்று வைத்திருந்தான். காணியின் ஓரமாகப் போகும் மண்பாதைதான் அவன் லாரிக்கு வழி.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழ் பேசும் வீடு அது ஒன்றுதான். மங்கை வாரத்துக்கு ஒருமுறையாவது போய்விடுவாள். கௌரி அவளுக்கென்று தனியாகக் காரம் கூட்டிக் குழம்பு வைப்பாள். மங்கையின் மரங்களைப் பற்றிக் குகதாசன் முதன்முதலில் கேட்டது அந்தச் சாப்பாட்டு மேசையில்தான்.

"மரம் வாசனையால கூப்பிடும்ணா," என்றாள் மங்கை. "பேன் கடிச்ச உடனே இலை ஒரு வாசனையை விடும். கடுகு வண்டுக்கு அது சாப்பாட்டு மணி மாதிரி. எங்க இருந்தாலும் பறந்து வந்துரும்."

"அப்ப எங்கட மரமும் கூப்பிடுந்தானே?"

"எல்லா மரமும் கூப்பிடும். ஆனா கடிபட்ட பிறகுதான் கூப்பிடும். வண்டு வந்து சேர்றதுக்குள்ள பாதி இலை போயிரும். நாங்க என்ன செஞ்சோம்னா, வசந்தத்துல ஒரு திரவத்தைத் தெளிச்சு, அந்த வாசனைக்கான சுவிட்சை மரத்துக்குள்ளயே தட்டி விட்டுட்டோம். பேன் வந்தாலும் வராட்டாலும் கோடை முழுக்கக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். பேன் வர்றப்ப வண்டு ஏற்கெனவே அங்க காத்துக்கிட்டு நிக்கும்."

குகதாசன் சிரித்தார். "நோகாமலே அழுகிற பிள்ளையள் மாதிரி."

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் அவள் அந்த யோசனையையும் சொன்னாள்: வரும் வண்டுகள் வேலி பார்த்தா வரும், அண்ணன் தோட்டத்துக்கும் சேர்த்துத்தான் வரும், ஆகவே இனிமேல் மருந்தடிக்க வேண்டாம், மருந்து பேனைவிட வண்டைத்தான் அதிகம் கொல்லும் என்று. நேசன் மட்டும், பாதுகாப்புக்கு ஒருதரம் அடித்துவிடலாமே என்று இழுத்தான். தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குகதாசன் முடித்துவிட்டார்.

முதல் கோடை அவள் சொன்னபடியே நடந்தது. பெரும்பண்ணையில் ஒரு சொட்டு மருந்தும் அடிக்கவில்லை. வேலையாட்கள் முகமூடி இல்லாமல் வேலை செய்தார்கள். குகதாசனின் தோட்டமும் பச்சையாகவே நின்றது. அறுவடை முடிந்ததும் அவர் மங்கைக்கு ஒரு சாக்கு நிறையப் பாதாம் கொண்டுவந்து வைத்தார். அவள் வேண்டாம் என்று எவ்வளவோ மறுத்தும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

மறுவருடம் பண்ணையை நடத்திய நிறுவனம் மரங்களின் அழைப்பை இன்னும் உரத்ததாக்கச் சொன்னது. மங்கை திரவத்தின் அளவைக் கூட்டினாள். தைல மணம் ஊர்க் கடைத்தெரு வரை எட்டியது.

அந்த வசந்தத்தின் முடிவில் அவள் குகதாசன் தோட்டத்தில் கொஞ்சம் வண்டுகளை விட்டிருந்தாள். அன்பளிப்பு மாதிரி, தன் ஆய்வுக்கும் ஆயிற்று. நீல விளக்கில் பச்சையாக ஒளிரும் ஒருவகைத் தூளை அவற்றின் முதுகில் தூவி விட்டிருந்தாள். எவ்வளவு தூரம் பரவுகின்றன என்று பார்க்கலாம் என்பதுதான் எண்ணம். கோடை தொடங்கியதும், பெரும்பண்ணையின் நடுவே தொங்கவிட்டிருந்த ஒட்டு அட்டைகளை எடுத்துவந்து ஆய்வுக்கூடத்தின் திரையை இழுத்து மூடி நீல விளக்கைப் போட்டாள்.

அட்டை முழுக்கப் பச்சைப் புள்ளிகள்.

குகதாசனின் வண்டுகள் அனைத்தும் வேலியைத் தாண்டி இங்கே வந்திருந்தன. அவளுக்கு முதலில் வந்தது பெருமைதான். இவ்வளவு தூரத்திலிருந்தா? பெருமை இறங்கச் சிறிது நேரம் பிடித்தது. எல்லாமே இங்கே வந்துவிட்டால் அங்கே என்ன மிச்சம்? மறுநாள் பண்ணை மரங்களின் அடியில் மண்டியிட்டுத் தேடினாள். காய்ந்த புல்லுக்குள் கறுப்புக் கறுப்பாய் உதிர்ந்து கிடந்தன. உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறக்கும் அளவுக்கு வெறும் ஓடுகள். மரம் கூப்பிட்டது, வந்தன, தின்ன ஒன்றுமில்லை. அந்த மணத்தை விட்டுப் போகவும் தெரியாமல் பட்டினி கிடந்து செத்திருக்கின்றன. வேலிக்கு அப்பால் உண்மையாகவே கடிபட்ட மரங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான ஏக்கர் பொய் அழுகையின் நடுவே அந்தப் பன்னிரண்டு ஏக்கரின் குரல் எந்த வண்டுக்கும் எட்டவில்லை.

ஆராய்ச்சிப் பிரிவின் தலைவி ஹெலனிடம் அன்றைக்கே போய்ச் சொன்னாள். ஹெலன் கெட்டவள் அல்ல. மங்கையின் விசாவுக்காக அலைந்தவள், காய்ச்சல் வந்தபோது வீட்டுக்குக் கஞ்சி போல எதையோ காய்ச்சி எடுத்துவந்தவள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். அழைப்பை அடக்கும் திரவத்தை ஒருமுறை தெளித்தால் வண்டுகள் திரும்பிக் கலைந்துவிடும், அக்கம்பக்கத் தோட்டங்கள் பிழைக்கும் என்று மங்கை சொன்னதையும் கேட்டாள். அறுவடை முடியட்டும் என்றாள். இந்தப் பருவத்தின் முடிவுகளைப் பார்த்துத்தான் மற்ற நாடுகள் வாங்கப்போகின்றன, நடுவில் நிறுத்தினால் இத்தனை வருட உழைப்பும் மறுபடி மருந்துத் தொட்டிக்கே போய்விடும் என்றாள். அக்கம்பக்கத்தாருக்கும் இதையே விற்கலாமே, எல்லா மரமும் கூப்பிட்டால் எல்லாருக்கும் நியாயம்தானே என்றும் கேட்டாள். கடைசியாக, தான் அடுத்த வருடம் தலைமையகத்துக்குப் போவதாகவும் இந்த நாற்காலிக்கு மங்கையின் பெயரைத்தான் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள்.

அதை விலையாகச் சொல்லவில்லை. ஆனால் மங்கை அதை வாங்கிக்கொண்டாள்.

அறுவடைவரைதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். மருந்துத் தொட்டிக்கே போய்விடும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பாவை நினைத்துத்தான் பேசாமல் இருப்பதாகவும் சொல்லிக்கொண்டாள். செத்துப்போன ஒருவரை இப்படி வேலைக்கு இழுக்கிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. குகதாசன் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். கௌரி கூப்பிட்டால், வேலை அதிகம் என்றாள்.

ஒருநாள் குகதாசனே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அவ்வளவு தூரம் உள்ளே அவர் வந்ததே இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சட்டைப் பைக்குள்ளிருந்து சில இலைகளை எடுத்து மேசைமேல் பரப்பினார். இலைகள் செம்பு நிறத்தில் இருந்தன. அடியில் நூலாம்படை.

"ஓரத்து வரிசையிலதான் துவங்கினது, தங்கச்சி. இப்ப நடுவுக்கும் வந்திட்டுது. உங்கட மரம் எல்லாம் பச்சையா நிக்குது, எங்கட மட்டும் ஏன் இப்பிடி? நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?"

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் அவளுக்கு வாய்த்திருக்காது. திரையை மூடி நீல விளக்கைப் போட்டு அட்டையைக் காட்டினால் போதும். வாய் திறந்தபோது வேறொன்று வந்தது.

"தூசியா இருக்கலாம்ணா," என்றாள். "இலையில தூசி படிஞ்சா பேனுக்குக் கொண்டாட்டம். வண்டு தூசி இலையில நிக்காது. ஓரத்து வரிசைன்னு சொல்றீங்களே, பாதையை ஒட்டித்தானே அது?"

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பூச்சியியல் படிக்கிற எவருக்கும் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பதுதான். தூசி பேனைப் பெருக்கும். ஆனால் அந்தத் தோட்டத்தில் நடந்தது அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும். இப்போதாவது மருந்தடித்துவிடுங்கள் என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் பேச்சை மாற்றுகிறீர்கள் என்று கேட்பார். அதனால் அதையும் சொல்லவில்லை.

குகதாசன் இலைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பாதை," என்றார் தனக்குள். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் பிறகு நடந்ததை மங்கை நேரில் பார்க்கவில்லை. கேள்விப்பட்டாள். குகதாசன் மண்பாதைக்குக் குறுக்கே சங்கிலி போட்டார். நேசன் லாரியைக் கொண்டுபோக வேறு வழியில்லை. சாப்பாட்டு மேசையில் பேச்சு வளர்ந்திருக்கிறது. நீ ஓட்டின லாரியால்தான் என் மரம் செத்தது என்று குகதாசன் சொல்லிவிட்டார். நேசன் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லவில்லையாம். மறுநாள் லாரியை விற்க ஏற்பாடு செய்துவிட்டு அடிலெய்டுக்குப் போய்விட்டான். கௌரி புருஷனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சமைத்து மேசையில் வைப்பாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வேறு அறையில் இருப்பாள்.

சங்கிலி போட்டும் பேன் நிற்கவில்லை. தை பிறப்பதற்குள் தோட்டத்தில் பாதி மரங்கள் மொட்டையாயின. வெயில் பட்டையைப் பிளந்தது. பச்சைக் கடலுக்கு நடுவில் தீப்பிடித்து அணைந்த இடம் போல அந்தப் பன்னிரண்டு ஏக்கர் தெரிந்தது. மங்கையின் வீட்டிலிருந்து பண்ணைக்குப் போகும் வழி அதன் ஓரமாகத்தான். அவள் ஆற்றுப்பக்கம் சுற்றிப் போகப் பழகிக்கொண்டாள்.

அறுவடை முடிந்து நிறுவனம் ஒரு விருந்து வைத்தது. மருந்தில்லாத உலகின் முதல் பாதாம் பண்ணை என்று மேடையில் பேசினார்கள். மங்கையை மேலே அழைத்துக் கைதட்டினார்கள். மருந்தடித்துத் தோலுரிந்துபோன மூத்த வேலையாள் ஒருவர் வந்து, இரண்டு வருடமாக என் கை ஆறியிருக்கிறது என்று விரித்துக் காட்டினார். அது உண்மை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சுற்றியிருந்தவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அடுத்த வாரம் கடைத்தெருவில் கௌரியைப் பார்த்தாள். ஒதுங்க இடமில்லை. கௌரி மெலிந்திருந்தாள். வழக்கம்போலக் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பாடெல்லாம் ஒழுங்கோ என்று கேட்டாள். பிறகு தம்பியைப் பற்றிச் சொன்னாள். தாய் தகப்பன் இல்லாத அவனைத் தான்தான் வளர்த்ததாகவும், படகில் வரும்போது ஒரு போத்தல் தண்ணீரை அவனுக்கென்று மறைத்து வைத்திருந்ததாகவும், இப்போது கூப்பிட்டால் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான் என்றும். சொல்லிவிட்டு, "தூசி எண்டு நீங்கள் சொன்னபடியால்தான் எங்களுக்குக் காரணமாவது தெரிஞ்சது, பிள்ளை," என்றாள். குத்தலாக இல்லை. மனதார.

மங்கை நேசனின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவனுக்கு முதலில் சொல்லலாம் என்று அவள் நினைத்ததில் கொஞ்சம் கோழைத்தனமும் இருந்தது. அவன் தூரத்தில் இருந்தான். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. காரை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு அழைத்தாள். சுற்றிவளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பச்சைத் தூள், செத்த வண்டுகள், ஹெலன், நாற்காலி, தான் சொன்ன தூசி. உன் லாரிக்கும் அந்த மரங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றாள்.

மறுமுனையில் எங்கோ ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை விட்டு விலகி நடப்பது கேட்டது.

"தெரியும் அக்கா," என்றான் நேசன்.

அவளுக்குப் புரியவில்லை.

"வண்டுக் கதை தெரியாது. தூசி இல்லை எண்டு தெரியும். போன வருசம் நீங்கள் ஒருக்கா சாப்பிடேக்க சொன்னனீங்கள், பாதாமுக்குத் தூசி கூடாது எண்டு. அதிலயிருந்து நான் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, பாதை முழுக்கத் தண்ணி அடிச்சுப்போட்டுத்தான் லாரி எடுக்கிறனான். அந்தப் பாதையில ஒருநாளும் புழுதி எழும்பேல்ல. அக்காவுக்கும் அத்தானுக்கும் தெரியாது, அவை எழும்ப முந்தி முடிச்சிடுவன்."

"அப்ப ஏம்ப்பா சொல்லல? உன் மேல பழி போட்டப்ப ஏன் பேசாம இருந்த?"

இயந்திரச் சத்தம் இன்னும் தூரமாயிற்று.

"அத்தான் ஊரில காணியை விட்டிட்டு வந்தவர். கிணறு வெட்டின காணி. வந்த புதுசில கனநாள் கதைக்கவே மாட்டார். அக்கா பயந்து கயிறு, கத்தி எல்லாம் ஒளிச்சு வைப்பா. இப்ப திருப்பியும் ஒரு காணி போகுது. ஆரிலயாவது பழி போட்டாத்தான் அவர் தாங்குவார். என்னில போட்டபடியால சங்கிலி கட்டினார், கோவப்பட்டார், ஓடித் திரிஞ்சார். ஆரிலயும் போடாட்டி, மருந்தடிக்க வேண்டாம் எண்டு சொன்ன தன்னிலதானே போட்டிருப்பார்?"

பிறகு அவனே சொன்னான்: "நீங்களும் சொல்ல வேண்டாம் அக்கா. நடந்தது நடந்து போச்சு. என்னிலயே இருக்கட்டும். எனக்குப் பாரமில்லை."

மங்கை காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதமாக அவள் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்: யாராவது ஒருவர், பேசாமல் இரு, அதுதான் நல்லது என்று சொல்லவேண்டும். சொல்ல உரிமையுள்ளவனே சொல்லிவிட்டான். அநியாயம் செய்யப்பட்டவனே அவள் குற்றத்தை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்கிறேன் என்கிறான். குகதாசனின் உயிருக்கு அதுதான் காவல் என்று காரணமும் தருகிறான். ஒருவேளை அது சரியாகவும் இருக்கலாம்.

ஆனால் அந்தக் காவலுக்காக நேசன் அக்காவை இழந்திருந்தான், வேலையை இழந்திருந்தான். அவள் எதையும் இழக்கவில்லை. நாற்காலிகூட வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் குகதாசனின் தோட்டத்துக்குப் போனாள். அவர் மொட்டை மரங்களின் பட்டையில் வெயில் தாக்காமலிருக்க வெள்ளைச் சுண்ணம் பூசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு, வெயிலில் நிற்காதேங்கோ என்று நிழலைத் தேடினார். அந்தத் தோட்டத்தில் நிழல் இல்லை.

நின்றபடியே சொன்னாள். நேசனிடம் சொன்ன அதே வரிசையில். தண்ணீர் அடித்த கதையையும் சொன்னாள். அவன் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும், மருந்தடிக்க வேண்டாம் என்ற வார்த்தை தன்னுடையது, அண்ணனுடையது அல்ல என்பதையும் சொன்னாள். சொல்லும்போது அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது உடைவது தெரிந்தால் ஓடிப்போய்க் கௌரியைக் கூப்பிடவேண்டும் என்று எண்ணியிருந்தாள்.

அவர் உடையவில்லை. பூச்சு மட்டையை வாளியின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்தார். நேசனின் பெயரை மட்டும் ஒருமுறை வாய்க்குள் சொன்னார். பிறகு பெரும்பண்ணைப் பக்கம் பார்த்தபடி கேட்டார்:

"உங்கட மரங்கள் இப்பவும் கூப்பிடுதோ?"

"ஆமாண்ணா. இலை இருக்கிற வரைக்கும் கூப்பிடும்."

"வாற வருசம்?"

"இன்னும் பெரிசா செய்யப்போறாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கமும்."

"அங்காலயும் எங்களை மாதிரிச் சின்னத் தோட்டக்காரர் இருக்கினம்."

"இருக்காங்க."

"நிப்பாட்ட ஏலாதோ?"

"முடியும். ஒரு தரம் தெளிச்சா போதும். ஆனா அது நிறுவனம் எடுக்கவேண்டிய முடிவு. நான் வெளியில சொன்னா..."

குகதாசன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, களைப்பு மட்டும் இருந்தது.

"அப்ப ஏன் இஞ்ச வந்து நிக்கிறியள்?" என்றார். "அங்க போங்கோ."

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்துவிட்டார்.

அவள் போனாள். முதலில் ஹெலனிடம். இம்முறை கேட்பதற்கு அல்ல, சொல்லிவிட்டுச் செய்வதற்கு. பிறகு மாவட்டத் தோட்டக்காரர்கள் சங்கத்தின் கூட்டத்தில், ஒட்டு அட்டைகளை மேசைமேல் வைத்து, கதவு ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, நீல விளக்கைப் போட்டாள். இருட்டில் பச்சைப் புள்ளிகள் எரிந்தன. விளக்கு வந்ததும் ஒருவர், இது உனக்கு எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டார். கோடையின் தொடக்கத்தில் என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் அவளைப் பற்றித்தான். அவள் உட்கார்ந்து கேட்டாள்.

வேலை போயிற்று. விசாரணை வந்தது. ஆற்றின் இரு கரையிலும் அழைப்பு மரங்களுக்குத் தடை விதித்தார்கள். அடக்கும் திரவத்தை அடித்த பிறகு அந்தப் பண்ணையில் வெறும் இலை வாசமும் மண் வாசமும்தான் வீசின. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. வண்டுகள் முக்கால்வாசி அழிந்துபோயிருந்தன. வந்த கோடையில் பேன் பெருகியது. பெரும்பண்ணை மறுபடி மருந்தைக் கையிலெடுத்தது. விருந்தில் தன் கையை விரித்துக் காட்டிய வேலையாளைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தாள். கைகளைச் சட்டைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

அரசாங்கத்தின் சிறிய ஆய்வுநிலையம் ஒன்றில் அவளுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. அவரைச் செடிகளில் பேனை வளர்த்து, பேனில் கடுகு வண்டை வளர்த்து, கண்ணாடிக் குடுவைகளில் அடைத்துச் சின்னத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விடுகிற வேலை. சம்பளம் பாதி. ஒவ்வொரு தோட்டத்திலும் தான் யார் என்று முதலில் சொல்வாள். சிலர் கதவைச் சாத்துவார்கள். சிலர் குடுவையை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். குகதாசனின் தோட்டத்துக்கு அவள் போகவில்லை. அந்தக் குடுவையைத் தன்னுடன் வேலை செய்பவரிடம் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

நேசன் திரும்பி வந்துவிட்டான் என்று குடுவை கொண்டுபோனவர் மூலம்தான் தெரிந்தது. குகதாசனே அடிலெய்டுக்குப் போய் அழைத்துவந்தாராம். செத்த மரங்களைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்றுகள் வைத்திருக்கிறார்களாம்.

பூ முடிந்து இலை விடும் காலத்தில் ஒருநாள் கௌரி அழைத்தாள். இத்தனை மாதத்தில் முதல்முறை. மங்கை கையிலிருந்த செடித்தட்டைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

"எல்லாத் தோட்டத்துக்கும் நீங்களே கொண்டுபோய் விடுறியளாம். எங்கட பக்கம் மட்டும் ஏன் வேற ஆளை அனுப்புறியள்?"

"அண்ணா அன்னைக்கு என்னைப் போகச் சொன்னாரு அக்கா."

பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஆண்குரல் ஒன்று ஏதோ கேட்டது.

"அங்க போங்கோ எண்டுதான் சொன்னவர்," என்றாள். "திரும்பி வராதேங்கோ எண்டு சொல்லேல்லையே."

மங்கை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கௌரியும் வற்புறுத்தாமல் வைத்துவிட்டாள்.

அந்த வாரக் குடுவையையும் அவள் ஆளிடம்தான் கொடுத்தனுப்பினாள். அடுத்த வாரத்துக் குடுவையைத் தானே எடுத்துக்கொண்டு, மடியில் வைத்து ஒரு கையால் பிடித்தபடி, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள்.